அணைத்து வைத்த வண்டியின் நடுக்கம்

சிக்னலில் நிற்கும்போது உங்கள் வண்டி உதறாமல் நிற்கிறதே, அது யார் தயவு என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? கம்பெனியின் தயவு என்பீர்கள். கொடுத்த காசுக்கு வேலை நடந்தது, இதில் தயவு எங்கே வந்தது என்று சிலர் எரிந்து விழுவீர்கள். ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கிய எலுமிச்சம்பழத்துக்குக்கூட நன்றி சொல்லத் தயாராக இருப்பீர்கள். ஒரு மனிதனின் இரண்டு கைகள் மட்டும் உங்கள் நினைப்பில் வந்திருக்காது.

அந்தக் கைகளின் சொந்தக்காரர் அருள்தாஸ். வயது நாற்பத்தெட்டு. வெள்ளானூரில் வீடு. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய பைக் சர்வீஸ் சென்டரில் இருபத்தோரு வருஷம் வேலை. முதல் எட்டு வருஷம் மெக்கானிக். போல்ட்டுகளைக் கழற்றுகிற, கையைப் பிடித்து உலுக்குகிற ஏர் கன்னைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடித்திருந்தார். அடுத்த பதின்மூன்று வருஷம் கடைசிச் சோதனைக்காரர்.

கடைசிச் சோதனை என்றால் இதுதான்: சர்வீஸ் முடிந்த வண்டியில் ஏறி உட்கார வேண்டும். ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு கண்ணை மூட வேண்டும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம், சந்தேகமான வண்டி என்றால் ஐந்து நிமிஷம். அருள்தாஸ் "சரி" என்றால் வண்டி வாசலுக்குப் போகும். "உள்ள" என்றால் மெக்கானிக்கிடம் திரும்பும். சாதாரண நாளில் நாற்பது வண்டி. சனிக்கிழமை அறுபது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின் என்பது ஓயாமல் குத்துகிற ஒரு முஷ்டி. வண்டி ஓடும்போது குத்துகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். மிச்சத்தைக் காற்றும் மேடுபள்ளமும் மூடிவிடும். நிற்கும்போது மூடுவதற்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு குத்தும் தனித்தனியாகக் கைக்கு வரும். அதனால்தான் ஒரு வண்டியின் யோக்கியதையை அது நிற்கும்போது பார்க்க வேண்டும் என்பார் அருள்தாஸ். லேசாக ஆக்சிலேட்டரைத் திருகினால் நடுக்கம் அடங்குகிறதா? நின்றபடி ஓடும் வேகம், அதாவது ஐடிலிங் குறைவு, எஞ்சின் பட்டினி கிடக்கிறது. திருகத் திருக ஏறுகிறதா? எஞ்சினைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கிறது. கிளட்சைப் பிடித்ததும் சட்டென்று நின்றுவிடுகிறதா? கோளாறு கிளட்ச் பக்கம். இதற்கெல்லாம் கருவி உண்டு. கருவிக்கு விலையும் உண்டு. அருள்தாஸின் கை மலிவு.

அந்த இடத்தில் அவருக்குப் பெயரே 'கை' தான்.

"இன்னா அண்ணாத்தே, கை இன்னா சொல்லுது?" என்பார்கள் மெக்கானிக்குகள்.

"கை சொல்றது இருக்கட்டும். உன் ஐடிலிங்கப் பாரு, காலைல நாஷ்டா துன்னாத மாதிரி கீது" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். அது நல்ல காலம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தார்: வலது கையில் மூன்று விரல்களின் நுனி சுண்ணாம்பில் தோய்த்ததுபோல வெளுத்திருந்தது. தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றினார். ரத்தம் திரும்பியபோது ஊசி ஊசியாகக் குத்தியது. அடுத்த மார்கழிக்குள் சட்டைப் பொத்தானைப் போடுவது அவருடைய மனைவி ஞானகுமாரியின் வேலையாகிவிட்டது. அதற்கடுத்த வருஷம் டம்ளர் எப்போது கையை விட்டு நழுவியது என்று சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தொட்டால் ஒன்றும் தெரியாத அந்த விரல்களுக்குள், தொடாமலேயே ஒரு எஞ்சின் ஓட ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஓடியது. படுத்திருக்கும்போதும் ஓடியது. அதை அணைக்கச் சாவி எங்கேயும் இல்லை.

"சுகர் பாத்தியா?" என்றார்கள் எல்லோரும். நம் ஊரில் கை மரத்தால் சுகர், கால் மரத்தால் சுகர், மனசு மரத்தாலும் சுகர். மூன்று தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் சரியாக இருந்தது. நான்காவது மருத்துவர், எதற்கும் இருக்கட்டும் என்று அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். ஒரு வருஷம் கம்பங்களி தின்றார் அருள்தாஸ். ஜெபக்கூட்டத்துப் போதகர் உள்ளங்கையில் எண்ணெய் பூசி, வாலிபத்தில் இந்தக் கைகள் செய்த பாவம் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். நல்ல மனிதர் அருள்தாஸ். வீட்டுக்கு வந்து உண்மையாகவே உட்கார்ந்து யோசித்தார். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் பறித்தது ஞாபகம் வந்தது. அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

கை என்ன வேலை செய்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சர்வீஸ் சென்டரின் மேனேஜர் ரோஹித். முப்பத்திரண்டு வயது, கோயம்புத்தூர்ப் பக்கம். வேலைக்கு வந்த புதிதில் சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று பலகை மாட்டியவர். அவரிடம் ஒரு நாள் அருள்தாஸ் போய் நின்றார்.

"சார், கை மரத்துப் போவுது. உள்ள மெத்தை வெச்ச கிளவுஸ் ஒண்ணு கீதாமே. அத்த வாங்கிக் குடுத்தா நல்லாருக்கும். இல்லாட்டி வாரத்துல மூணு நாளு என்னை வேற வேலைல போடுங்க சார்."

ரோஹித் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கிளவுஸைப் போட்டுக்கிட்டு வைப்ரேஷனை எப்படிங்க ஃபீல் பண்ணுவீங்க? உங்க கைக்குத்தானே சம்பளம் தர்றோம் அருள்தாஸ். மூஞ்சிக்கா தர்றோம்?"

அறையில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அருள்தாஸும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார். அந்தச் சிரிப்பை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ரோஹித்தினுடையதை அல்ல, தன்னுடையதை.

அன்றிலிருந்து அவர் மறைக்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்பீர்கள். தண்ணீர் பீய்ச்சி வண்டி கழுவுகிற நாகம்மாவுக்கு ஒரு வருஷம் காலெல்லாம் புண்ணானது. "ஆறினதும் வாம்மா" என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள். ஆறி வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். அருள்தாஸ் அதைப் பார்த்தவர். கை போனது தெரிந்தால் அவர் இடத்திலும் வேறொருவன் நிற்பான். நாற்பத்தெட்டு வயதில், பேனா பிடிக்காத, ஸ்பேனர் பிடிக்காத கையோடு போய் எந்த வாசலில் நிற்பது?

மறைத்தார் என்றால், ஏமாற்றினார் என்று அவசரப்படாதீர்கள். கை விட்டதை உடம்பின் மற்ற இடங்களிலிருந்து சம்பாதித்தார். ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தார். உள்ளங்காலுக்கு எல்லாம் தெரிந்தது. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டார். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில், எதிர்ச்சுவரின் விளிம்பு எவ்வளவு கலங்குகிறது என்று பார்த்தார். காதைத் தீட்டிக்கொண்டார். கைப்பிடியைப் பற்றியதெல்லாம் பார்க்கிறவர்களுக்காக. இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அந்த இரண்டு வருஷத்திலும் கெட்ட வண்டி வாசலுக்குப் போகவில்லை.

ஒன்றைத் தவிர.

அது சுப்பராயனின் நீல வண்டி. சுப்பராயன் சேலத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முகப்பேரில் ஃப்ளாட். அந்த வண்டியின் எஞ்சினை இறக்கி ஏற்றியவன் தினேஷ், அங்கே தலைமை மெக்கானிக். முன்பக்க மவுண்டிங் போல்ட்டின் மரை தேய்ந்திருந்தது. புதுப் போல்ட் வரவழைக்க இரண்டு நாளாகும். தினேஷ் பழைய போல்ட்டிலேயே வெள்ளை டேப்பைச் சுற்றித் திணித்து முறுக்கிவிட்டான். கண்ணாடிகள் இரண்டும் உடைந்து, மாற்றுக் கண்ணாடி வராததால் கழற்றியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தது. அருள்தாஸ் ஷூவைக் கழற்றக் குனிந்தபோது தினேஷ் தோளைத் தட்டினான்.

"இன்னா அண்ணாத்தே, கோயிலுக்கா போற, செருப்பக் கழட்டிக்கினு? கஸ்டமர் வெளிய நின்னுக்கினு கீறாரு. சீக்கிரம் ஓகே பண்ணு."

கண்ணாடி இல்லை, காது இல்லை, கால் இல்லை. கை என்ன சொன்னது என்று கேட்டால், எப்போதும் சொல்வதையே சொன்னது. அருள்தாஸ் ஒரு நொடி தயங்கினார். வெளியில் சுப்பராயன் மணி பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் சுப்பராயன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"ஓட்டும்போது ஒண்ணும் தெரியலைங்க. சிக்னல்ல நின்னா போதும், பல்லு கிடுகிடுங்குது. திருமங்கலத்துல பக்கத்து ஆட்டோக்காரர் கேக்குறாரு, 'இன்னா சார், வண்டிக்குக் குளிர் ஜுரமா?'ன்னு. இன்னைக்குக் காலையில அந்த போல்ட் எங்கேயோ விழுந்தே போச்சு. எஞ்சின் கழண்டு நடுரோட்டுல உருண்டிருந்தா நான் என்னாகியிருப்பேன்? இன்னைக்கே ஒரு ஸ்டார் போட்டு எல்லாத்தையும் எழுதுறேன் பாருங்க."

அவர் கோபம் நியாயமானது. அதை ரோஹித் தினேஷ் பக்கம் திருப்பினார். தினேஷ் திருப்பிய திசை உங்களுக்கே தெரியும்.

"ஃபைனல் டெஸ்ட் பண்ணது கை அண்ணாத்தே சார். அவரே ஓகே சொன்னப்பறம் நான் இன்னா பண்றது?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "கொஞ்ச நாளாவே டவுட்டு சார். டீ கிளாஸே கையில நிக்க மாட்டேங்குது. சின்னதா ஒரு டெஸ்ட் வெச்சுப் பாத்துடலாம். அவருக்கும் நல்லதுதானே?"

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். இருபத்தாறு பேர் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு வட்டமாகக் கூடினார்கள். ரோஹித் கையில் ஒரு நோட்டோடு வந்து நின்றார். பாலிஷ் போடுகிற மஞ்சள் துணியை மடித்து அருள்தாஸின் கண்ணைக் கட்டினார்கள். காதில் தினேஷின் ஹெட்போனை மாட்டி, குத்துப் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்தான்.

அருள்தாஸ் மறுத்திருக்கலாம் என்று சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு சொல்வது எளிது. மறுத்தால் அதுவே ஒப்புக்கொண்டதாகும் என்பது அவருக்குத் தெரியும். இந்தச் சோதனையில் தேறினால் வேலை இருக்கிறது. தேறாவிட்டால் இல்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

முதல் வண்டி. பாதம் சொன்னது. "ஐடிலிங் கம்மி" என்றார். சரி.

இரண்டாவது வண்டி. கிளட்சைப் பிடித்தார், விட்டார், பிடித்தார். "கிளட்ச்சாண்ட பாரு" என்றார். அதுவும் சரி. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அது அவருக்குக் கேட்கவில்லை.

தினேஷின் கண் அவருடைய வெறுங்காலில் போய் நின்றது. ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கி, காதருகே சொன்னான்: "அண்ணாத்தே, கால்ல டபாய்க்காத. ஷூவ மாட்டிக்கினு கீழ நின்னு சொல்லு. நீ 'கை' தானே? கையால சொல்லு, பாக்கலாம்."

மூன்றாவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் சாவி தினேஷின் விரலில் சுழன்றுகொண்டிருந்தது. புகை நாற்றத்துக்காகப் பக்கத்தில் வேறொரு வண்டியை ஓடவிட்டிருந்தார்கள். யோசித்துத்தான் செய்தார்கள். கொடுமை செய்யும்போது நம் ஆட்களுக்கு வருகிற புத்தி, ஒரு போல்ட்டை ஒழுங்காக மாட்டும்போது வருவதில்லை.

அருள்தாஸ் தரையில் நின்றபடி இரண்டு கைப்பிடிகளையும் பற்றினார். இருட்டு. பாட்டு. உள்ளங்கையில் நடுக்கம். இத்தனை நாளும் தன் கையின் நடுக்கம் எது, வண்டியின் நடுக்கம் எது என்று பிரித்துக் காட்டியது கால்தான். இப்போது கால் இல்லை. பயத்தில் கை வழக்கத்தைவிட வேகமாக நடுங்கியது. கட்டைவிரலின் அடிவரைக்கும், மணிக்கட்டு வரைக்கும் அது ஏறி வந்தது. இவ்வளவு தெளிவாக அவர் எதையும் உணர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. தெரிகிறதே! கை திரும்பி வந்துவிட்டதே! மஞ்சள் துணிக்குக் கீழே அவர் முகம் மலர்ந்ததை வீடியோவில் இன்றும் பார்க்கலாம்.

"ஒதறுது" என்றார். காதில் பாட்டு அலறும் மனிதர்களுக்கே உரிய உரத்த குரலில். "நல்லா ஒதறுது. ஐடிலிங் இல்ல இது. இரு, கிளட்சப் புடிக்கிறேன். புடிச்சாலும் நிக்கல, பாரு! இப்ப திருகறேன். ஏறுது... தோ, ஏறுது பாரு. முன்னாடி மவுண்டிங் போல்ட் லூஸுடா. தினேசு, எழுதிக்கோ, முன்னாடி போல்ட்டு. டேப்பு கீப்பு சுத்தாத நைனா, புதுசா போடு. பாவம், யாராவது ஊடு போய்ச் சேர வேணாமா?"

ஒரு முழு நிமிஷம் பேசினார். அணைத்து வைத்த வண்டியின் ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி, அது எங்கே நடுங்குகிறது என்று இருபத்தாறு பேருக்கும் விளக்கிச் சொன்னார். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை. யாரோ துணியை அவிழ்த்தார்கள். கண்ணைக் கசக்கிப் பார்த்தபோது முகத்துக்கு நேராக ஒரு சாவி ஆடியது.

"சாவி என் கைல கீது அண்ணாத்தே" என்றான் தினேஷ். "வண்டி செத்து அரை மணி நேரம் ஆச்சு."

அருள்தாஸ் வண்டியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கைப்பிடியை விட்ட பிறகும் அது உதறிக்கொண்டே இருந்தது. ரோஹித் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதி முடித்து, பேனாவை மூடினார். சிரித்த இருபத்தாறு பேரைவிட அந்தச் சிரிக்காத முகம்தான் கொடியது. சிரித்தவர்களுக்காவது அவர் ஒரு மனிதராகத் தெரிந்தார்.

தாள் தயாராக இருந்தது. 'என் கைகளில் உணர்ச்சி இல்லாததை நிர்வாகத்திடம் மறைத்து, வாடிக்கையாளர்களின் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினேன். என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.' சோதனைக்கு முன்பே தட்டச்சு செய்திருந்தார்கள். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நழுவி விழுந்தது. ரோஹித் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, பேனாவில் இறுக்கிச் சுற்றி, "இப்ப பிடிங்க, கிரிப் கிடைக்கும்" என்று கனிவாக நீட்டினார்.

வீடியோவுக்கு 'செத்த வண்டிக்கு ஆபரேஷன்' என்று பெயர் வைத்தார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது அம்பத்தூரைத் தாண்டிவிட்டது. ஞானகுமாரி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிறாள். டீ இடைவேளையில் பக்கத்து வரிசை ரோஷினி செல்போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அக்கா, இத்தப் பாரேன். சிரிச்சு சிரிச்சு வயித்த வலிக்குது."

கண்ணைக் கட்டியிருந்தாலும், தினமும் தான் பொத்தான் மாட்டி அனுப்புகிற சட்டை தெரியாதா? ஞானகுமாரி கடைசிவரைக்கும் பார்த்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அருள்தாஸிடம் அதைச் சொன்னாள்.

"பாத்துட்டு இன்னா சொன்ன?" என்றார் அவர்.

"எங்க ஊட்டுக்காரருன்னு சொன்னேன்."

"அதுக்கு அது?"

"அழுதுச்சு. அழுது இன்னாத்துக்கு ஆவும்? அதுக்குள்ள பதினோரு பேருக்கு அனுப்பிடுச்சாமே." பிறகு, "ஏங்க, நீங்க ஏன் அதுல அவ்ளோ சந்தோசமா கீறீங்க?" என்று கேட்டாள்.

ஜெபக்கூட்டத்து வாட்ஸ்அப் குழுவிலும் வீடியோ வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். சகோதரனுக்காக ஜெபிப்போம் என்று போதகர் எழுதியிருந்தார். கை விளங்காதவனுக்கு எல்லோரும் கையைப் படமாக அனுப்பிவைத்தார்கள்.

அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் ஞானகுமாரிதான். அங்கே ஹெலினா என்று ஓர் இளம் மருத்துவர். ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து அவர் விரல்களை முக்கச் சொன்னார். எட்டு விரல்கள் மெழுகுபோல வெளுத்தன. நகத்தை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, ரத்தம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"என்ன வேலை பாத்தீங்க?"

அருள்தாஸ் சொன்னார். ஏர் கன், கைப்பிடி, நாற்பது வண்டி, அறுபது வண்டி. மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர்கூட இதைக் கேக்கலையா?"

"சுகர் கீதான்னு கேட்டாங்கம்மா."

அவர் விளக்கியது எளிமையான விஷயம். அதிர்வு விரல்களின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் அடித்து அடித்துச் சாகடித்திருக்கிறது. மெத்தைக் கையுறையும், பாதி நாள் வேறு வேலையும், ஆரம்பத்திலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனி போனது திரும்பாது. அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அருள்தாஸுக்கு முதலில் தோன்றியது துக்கமல்ல. அந்தக் கொய்யா மரம் காரணமில்லை என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல்.

இதை விதி என்று சொல்ல யாராவது வாயைத் திறந்தால் மூடிக்கொள்ளுங்கள். விதிக்கு ஷிப்ட் நேரம் கிடையாது. அது பேனாவில் ரப்பர் பேண்ட் சுற்றித் தராது. ஒரு கையுறையை மறுத்தது ஒரு மனிதர். மரை தேய்ந்த போல்ட்டைத் திணித்தது ஒரு மனிதர். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வருகிறார்கள்.

அருள்தாஸ் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். நிர்வாகத்தின் பதில் இரண்டு பக்கம். அதன்படி, அவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு வண்டிகளுக்கு மேல் தொட்டதில்லை. தொட்டதும் அரை நிமிஷம்தான். கையில் ஏற்கெனவே இருந்த நோயை மறைத்தே வேலை பார்த்தார். அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய பதிவேடுகள் மழையில் நனைந்து அழிந்துவிட்டன. கூட வேலை பார்த்தவர்களில் சாட்சிக்கு வர ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் வீடு இருக்கிறது, வேலை வேண்டும்.

பதிவேடு அழியலாம். ஆனால் வண்டியை எடுக்கும்போது உங்களிடம் ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்தார்களே, அதன் அடியில் கடைசிச் சோதனை என்ற கட்டத்தில் அருள்தாஸ் போட்ட எழுத்து இருக்கும்: சாய்ந்த ஒரு 'அ', அதன் கீழே ஒரு கோடு. பக்கத்தில் தேதியும், அன்றைக்கு அது எத்தனையாவது வண்டி என்ற எண்ணும் இருக்கும். முப்பத்தெட்டு, நாற்பத்து மூன்று, அறுபத்தொன்று. ஒரு நாளைக்கு எத்தனை வண்டியின் நடுக்கம் அந்தக் கைக்குள் போனது என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் சாட்சி அந்தச் சீட்டுகள்தான். அவற்றைத் தேடிக்கொண்டு அவர் முகப்பேர் ஃப்ளாட்டுகளில் படியேறி இறங்குகிறார். சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்து, "வேண்டாம்ப்பா, எதுவும் வாங்கறதில்ல" என்கிறார்கள். சிலர் வீடியோவில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டு, திரும்பி உள்ளே பார்த்துச் சிரிக்கிறார்கள். சுப்பராயன் ஒழுங்கான மனிதர், எல்லாச் சீட்டையும் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருப்பவர். "தேடித் தர்றேங்க" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. இதுவரை கிடைத்தது ஒன்பது.

விசாரணை அடுத்த மாதம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, முகப்பேர் என்று இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவரா நீங்கள்? அந்த ஆவடிச் சாலை சென்டரில் என்றைக்காவது சர்வீஸ் விட்டிருந்தால், இன்றைக்கே உங்கள் வீட்டு இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்துக்கும் பழைய இன்சூரன்ஸுக்கும் நடுவில் அந்த மஞ்சள் சீட்டு மடிந்து கிடக்கும். சாய்ந்த 'அ' இருந்தால், விசாரணைக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு வெள்ளானூரில் அருள்தாஸ் வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போங்கள்.